கடலோடிய பூட்டனைத் தேடி

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வழங்கிவந்த கதை ஒன்று உண்டு. என் தந்தையாரின் பேரனார், அதாவது என் பூட்டனார், பாய்க்கப்பலில் அமெரிக்கா வரை சென்று மீண்டவர் என்பதே அக்கதை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிற்கு விருந்தினர் எவர் வந்தாலும், தேநீர் ஆறுவதற்கு முன்னரே தந்தையார் அதைத் தொடங்கிவிடுவார். சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன், “ஐயா, அதற்குச் சான்று உண்டா?” என்று பணிவுடன் வினவினான். வகுப்பில் எதற்கும் சான்று கேட்கப் பழக்கியவன் நானே. ஆகவே, விடை தேடிப் புறப்படுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

பூட்டனார் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த தண்டையல். பாய்க்கப்பலைத் தலைமை தாங்கி நடத்துபவரையே தண்டையல் என்பர். அவ்வூரில் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் கப்பல் அமெரிக்கா சென்றது வரலாற்று உண்மை. 1928 முதல் 1931 வரை ‘சுவாப்’ என்ற சிறு படகில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் ஆல்பேர்ட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் பின்னர் அக்கப்பலை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என அதற்குப் பெயரிட்டார். ஏடன், சுயஸ், கிப்ரால்டர், பெர்மியுடா வழியாகச் சென்று, 1938 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மாசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தை அது அடைந்தது. அதனைச் செலுத்திச் சென்ற வல்வெட்டித்துறை மாலுமிகளுக்குத் தண்டையலாக விளங்கியவர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை அவர்கள்.

அம்மாலுமிகள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுடைய பெயர்கள் அச்சில் வெளிவந்துள்ளன. அவற்றை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். பூட்டனாரின் பெயர் அவற்றில் இல்லை.

எனினும், ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்பதனால் மட்டும் ஒரு கதையைத் தள்ளிவிடலாகாது. பெயர்கள் திரிபடைவதுண்டு; வீட்டில் வழங்கும் பெயர் ஒன்றாகவும் பதிவிலுள்ள பெயர் வேறாகவும் இருப்பதுண்டு. எங்களிடமோ ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது, பூட்டனாரின் ஒரே புகைப்படமும் கடிதங்களும் அதனோடு எரிந்துபோயின. மூன்று வயதுக் குழந்தையாயிருந்த என்னைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினர். கடலை ஆண்டவரின் சந்ததி, கையில் ஒரு பையுமின்றி அகதிகளாய்க் கடல்வழியே ஊர் திரும்பியது.

வழி காட்டியவர் கொட்டாஞ்சேனையில் வாழும் என் மாமி, தந்தையாரின் தமக்கையார். “தம்பி, கடலிலை தேடாதை. காணியிலை தேடு” என்று சொல்லி, இரங்கூன் தேக்கில் செய்த பெட்டகத்தைத் திறந்து, மஞ்சள் துணியிற் சுற்றிய ஒரு கட்டை எடுத்துத் தந்தார். அது என் அப்பாச்சியின் சீதன உறுதி. தாயின் சீதனம் மகளைச் சேரும் எங்கள் வழக்கத்தினால் அது மாமியின் வசம் வந்திருந்தது. அதனாலேயே எரியாமல் தப்பியது.

யாழ்ப்பாணத்து உறுதிகளைச் சாதாரணக் காகிதங்கள் என எண்ணிவிடலாகாது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற தேசவழமை, உடைமையை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. ஆதலின், ஒரு காணி எவ்வாறு கைக்கு வந்தது என்பதை உறுதி கூறியே ஆகவேண்டும். முதுசொம் எனில் தந்தைவழி தெரியும்; சீதனம் எனில் தாய்வழி தெரியும்; தேடியதேட்டம் எனில் அவர் தம் உழைப்பால் ஈட்டியது தெரியும். நாற்புறத்து எல்லைகளைக் கூறுமிடத்தில் அயற்காணிக்காரரின் பெயர்கள் வரும். அவருட் பலர் உடன்பிறந்தாராகவோ மைத்துனராகவோ இருப்பர்.

நொத்தாரிசு எழுதியிருந்த அவ்வுறுதியில் பூட்டனாரின் முழுப்பெயரும் அவர் தந்தையாரின் பெயரும் இருந்தன. மகளுக்கு அவர் கொடுத்தது இரண்டு பரப்புக் காணி; ‘தேடியதேட்டம்’ என்று அது குறிக்கப்பட்டிருந்தது. வடக்கெல்லைக் காணி அவருடைய தமையனாருடையது. அடியில் அவருடைய கையொப்பம். கயிறு பிடித்த கையின் எழுத்து, சற்றே கோணலாக. திகதியைப் பார்த்தேன்: 1938 ஆம் ஆண்டு யூன் மாதம். மாமி வைத்திருந்த சாதகக் கொப்பியில் அப்பாச்சியின் திருமணம் வெகுதானிய வருடம் ஆனி மாதம் எனக் குறித்திருந்ததும் இதனோடு பொருந்தியது.

அன்னபூரணி தாயகத்தைப் பிரிந்து நெடுந்தூரம் சென்றிருந்த காலம் அது. அவ்வேளையில் பூட்டனார் ஊரில் அமர்ந்து கையொப்பமிட்டிருக்கிறார். அவர் அமெரிக்கா செல்லவில்லை. புகையிலை ஏற்றிச் சென்று நெல்லும் ஓடும் மரமும் கொண்டுவந்த எண்ணற்ற தண்டையல்களுள் அவரும் ஒருவர்.

இதைத் தந்தையாரிடம் எங்ஙனம் கூறுவது? எண்பதை அணுகும் அவருக்கு, எரிந்த வீட்டிலிருந்து மிஞ்சிய ஒரே செல்வம் அக்கதை. பத்து நாட்கள் தயங்கினேன். இறுதியில் உறுதியின் பிரதியை அவர் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் படித்தார். கையொப்பத்தின்மீது விரலை வைத்தார். “அப்ப, பிள்ளையின்ரை கலியாணத்துக்கு அவர் வீட்டிலை நிண்டிருக்கிறார்” என்றார். சிறிது நேரத்தின்பின், “எல்லாக் கடலோடிக்கும் அது வாய்க்காது” என்று சேர்த்துக்கொண்டார்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய கதை இருக்கலாம். முதலில் முதியோரைக் கேளுங்கள். சொல்லுபவரின் பெயரோடும் திகதியோடும் எழுதிக்கொள்ளுங்கள். பெண்வழி உறுதிகளை மறவாதீர்கள். மூல உறுதி இல்லையெனில் காணிப் பதிவகத்தை நாடுங்கள். பழைய பத்திரிகைகளைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். ஆங்கில ஆண்டின்றித் தமிழ் வருடப் பெயர் மட்டும் கிடைத்தால் அவதானம் வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் மீண்டும் வரும். பேரனும் பூட்டனும் இடம்மாறிவிடுவர்.

சென்ற வாரம் விருந்தினர் சிலர் வந்திருந்தனர். தந்தையார் வழக்கம்போலத் தொடங்கினார். அன்னபூரணியின் பயணத்தை ஒன்றும் குறையாமல் சொல்லி முடித்தபின், “என்ரை பேரனார் அதிலை போகேல்லை. அவர் இஞ்சை நிண்டு அம்மாவுக்குக் காணி எழுதினவர்” என்று கூறி, உறுதியின் பிரதியைக் கொண்டுவரும்படி என்னைப் பார்த்தார்.