மாம்பழ ஈயைப் பிடிக்கும் மணம்

மாங்காய் முற்றத் தொடங்கும்போதே தோப்பில் பழ ஈயின் நடமாட்டமும் தொடங்கிவிடுகிறது. வீட்டு ஈயின் அளவே இருக்கும். பழுப்பு நிறம், கண்ணாடி போன்ற இறக்கை. பெண் ஈ தன் வாலிலுள்ள ஊசியால் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. வெளியே குண்டூசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும். இரண்டு மூன்று நாட்களில் புழு வெளிவந்து சதையைத் தின்னும். பழத்தை நறுக்கிய பிறகுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். வியாபாரிக்கோ முன்பே தெரியும். கூடைக்குக் கூடை கழிவு போட்டு விலையைக் குறைப்பார். 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் நம் நாட்டு மாம்பழத்தை வாங்க மறுத்ததற்கும் இந்தப் புழுதான் காரணம். 2015-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

புழு உள்ளே போனபின் மருந்து தெளிப்பதில் பயனில்லை. மருந்து தோலோடு நின்றுவிடும். புழு சதைக்குள் சுகமாக இருக்கும். அறுவடை நெருங்கும் காலத்தில் தெளித்த நஞ்சு பழத்தோடு வாங்குவோர் வீட்டுக்குப் போகும். ஆகவே ஈ முட்டையிடுவதற்கு முன்பே அதைக் குறைக்க வேண்டும். அதற்கு உதவும் பொருள் மீத்தைல் யூஜினால். அது என்னவென்று அறிந்து பயன்படுத்தினால் ஏமாற்றம் குறையும் என்பதால், முதலில் சிறிது வேதியியல்.

1825-ல் லண்டனில் மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி, விளக்கெரிக்கும் வாயுவிலிருந்து வடிந்த எண்ணெயில் பென்சீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதில் ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன என்று 1865-ல் ஜெர்மானியரான கெக்குலே கூறினார். ஆறு பங்காளிகளுக்கும் பொதுவான கிணற்றை ஒருவர் மட்டும் விற்றுவிட முடியாதல்லவா? அதுபோல இந்த வளையத்தின் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி ஆறு அணுக்களுக்கும் பொதுச் சொத்து. அதனால் வளையம் எளிதில் உடையாது. ஆனால் அதன் விளிம்பில் வேறு அணுக்களைக் கட்டிவிடலாம். எதைக் கட்டுகிறோமோ அதற்கேற்பக் குணம் மாறும்.

இந்த வளையமுடைய பொருட்கள் பலவும் மணமுடையவையாக இருந்ததால் அக்கால வேதியியலார் இவற்றுக்கு ‘அரோமேட்டிக்’, அதாவது நறுமணச் சேர்மங்கள் என்று பெயரிட்டார்கள். கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், சோம்பில் அனித்தோல், வனிலாவில் வனிலின் எல்லாம் இந்தக் குடும்பம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமினில் இரண்டு வளையங்கள் உள்ளன. பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும், விவசாயத்தில் நம் நாடு 1989-ல் விலக்கிய டி.டி.டி.யும் இதே குடும்பம்தான். பெயரைப் பார்த்து மணப்பவை எல்லாம் இதில் சேரும் என்று எண்ண வேண்டாம். கற்பூரம் மணக்கிறது, எலுமிச்சைத் தோல் மணக்கிறது. அவற்றின் முக்கியச் சேர்மங்களில் இந்த வளையம் இல்லை.

இனி நம் ஈக்கு வருவோம். கிராம்பு யூஜினாலின் வளையத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்த ஒரு ஹைட்ரஜன் உண்டு. அதை எடுத்துவிட்டு மீத்தைல் என்ற சிறு தொகுதியை வைத்தால் மீத்தைல் யூஜினால். மாற்றம் அவ்வளவுதான். மனித மூக்குக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். மாம்பழ ஈக்கோ வித்தியாசம் மிகப் பெரிது. மீத்தைல் யூஜினாலுக்கு அரை மைல் தொலைவிலிருந்தும் ஆண் ஈ பறந்துவரும் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். எனவே ‘வாசனை ஒன்றுதானே’ என்று கிராம்பு எண்ணெயை வாங்கிப் பொறியில் ஊற்றுவது வீண் செலவு.

இந்தக் கவர்ச்சியை முதலில் கண்டது நம் நாட்டில்தான். பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹௌலட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலார், சிட்ரொனெல்லா புல் எண்ணெயை ஆண் பழ ஈக்கள் நாடி வருவதை 1912-ல் எழுதினார். எண்ணெயில் சிறிதளவே இருந்த மீத்தைல் யூஜினாலே ஈயை இழுக்கிறது என்பதை 1915-ல் வெளியிட்டார். பின்னாளில் பசிபிக் கடலிலுள்ள ரோட்டா என்ற தீவில், இதில் நஞ்சு கலந்து ஊறவைத்த கட்டைகளைப் பரப்பி, 1960-களில் இந்த ஈயையே ஒழித்துக் காட்டினார்கள். சுற்றிலும் கடல் இருந்ததால் வெளியிலிருந்து ஈ வரவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆண் ஈ ஏன் இப்படி மயங்குகிறது? அது இதை உண்கிறது. உண்டதை உடலுக்குள் சற்று மாற்றி ஒரு சுரப்பியில் சேர்த்து வைத்து, அந்தி நேரத்தில் வெளியிடுகிறது. அந்த மணத்துக்குப் பெண் ஈ வரும். மாப்பிள்ளை அத்தர் பூசிக்கொள்வது போலத்தான்!

பொறி வைக்கும் முறை கடினமன்று. ஒரு லிட்டர் நீரில் மீத்தைல் யூஜினால் 1 மில்லியும் மாலத்தியான் 50 ஈ.சி. 1 மில்லியும் கலந்து, பொறிக்கு 10 மில்லி வீதம் ஊற்றி, ஹெக்டேருக்கு 25 இடங்களில் காலை 6 முதல் 8 மணிக்குள் வைக்க வேண்டும். ஏக்கருக்குப் பத்து என்று கொள்ளலாம். நீர்க்கலவை விரைவில் காய்ந்துவிடும். நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் எரிசாராயம் 6 பங்கு, மீத்தைல் யூஜினால் 4 பங்கு, மாலத்தியான் 1 பங்கு என்ற கலவையில் சிறு ஒட்டுப்பலகைத் துண்டுகளை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பக்கங்களில் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் புட்டிக்குள் தொங்கவிடலாம். ஊறிய கட்டைகள் கடைகளில் ஆயத்தமாகவும் கிடைக்கின்றன. ஆள் உயரத்தில், நிழலான கிளையில் கட்டவும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கட்டையை மாற்றவும். நஞ்சு புட்டிக்குள்ளேயே இருப்பதால் பழத்தில் படுவதில்லை. இதுவே இந்த முறையின் பெரிய நன்மை.

புட்டி நிறைய ஈ செத்துக் கிடப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அத்தனையும் ஆண்கள். முட்டையிடுவது பெண். முன்பே இணைசேர்ந்துவிட்ட பெண் ஈ பொறியைத் திரும்பியும் பாராமல் பழத்துக்குத்தான் போகும். ஓர் ஆண் பல பெண்களோடு சேரக்கூடியது. ஆகையால் பாதி ஆண்களைப் பிடித்தால் பாதிப் புழு குறையும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். பழுக்கும் நேரத்தில் பொறி கட்டுவது காலங்கடந்த வேலை. அறுவடைக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே கட்டிவிட வேண்டும். ஒருவர் தோப்பில் மட்டும் கட்டினாலும் போதாது. பக்கத்துத் தோப்பிலிருந்து பெண் ஈ வந்துகொண்டே இருக்கும். ஊரில் மாமரம் வைத்திருப்போர் ஒரே வாரத்தில் சேர்ந்து கட்டினால் பலன் தெரியும். ‘என் பொறி ஊரார் ஈயை எல்லாம் என் தோப்புக்கு இழுத்துவிடுமே’ என்று சிலர் தயங்குவதுண்டு. வருவது ஆண் ஈ. அதனால் பழத்துக்குக் கேடில்லை.

உதிர்ந்த பழத்தை மரத்தடியில் விட்டுவைத்தால் பொறிக்குச் செய்த செலவு பாழ். பழத்திலுள்ள புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாகக் கிளம்பும். உதிர்ந்தவற்றை அன்றாடம் பொறுக்கி ஆழக் குழிதோண்டிப் புதைக்கவும். அறுவடைக்குப் பின் மரத்தடியைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளாலும் அழியும். நீலம் போன்ற பின்பருவ ரகங்களுக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

கொய்யாத் தோப்புக்கும் இதே பொறி உதவும். பாகல், புடல், பீர்க்கு பயிரிடுவோர் இதை வாங்க வேண்டாம். அவற்றைத் தாக்குவது வேறொரு ஈ. மீத்தைல் யூஜினாலை அது சட்டை செய்வதில்லை. அதற்குக் ‘கியூலூர்’ என்ற வேறு கவர்ச்சிப் பொருள் இருக்கிறது. அதுவும் பென்சீன் வளையம் கொண்டதுதான், விளிம்பில் கட்டியிருப்பது வேறு. பந்தலில் மாம்பழப் பொறியைக் கட்டிவிட்டு ‘ஒரு ஈ கூட விழவில்லை’ என்று சொல்பவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். கடையில் ‘ஈப் பொறி’ என்று மட்டும் கேட்காமல் பயிரின் பெயரையும் சொல்லி, உறையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்கவும்.

மணமாக இருக்கிறது என்பதற்காக இதை வெறுங்கையால் தொட வேண்டாம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் மீத்தைல் யூஜினாலை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023-ல் சேர்த்திருக்கிறது. மாலத்தியானும் சேர்ந்திருப்பதால் கையுறை கட்டாயம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவவும். பழைய கட்டைகளை வரப்பில் எறியாமல், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில் புதைக்கவும். மீந்த மருந்தை இறுக மூடி, பல்வலிக்குக் கிராம்புத் தைலம் என்று வீட்டில் எவரும் எடுத்துவிடாதபடி பெயர் எழுதி ஒட்டி, பூட்டி வைக்கவும்.