'வருகிறேன்' என்பதற்கு ஆங்கிலம் என்ன?

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு)

சென்ற கோடை விடுமுறையில் ஒரு தற்காலிக வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தேன். ஊரைக் கேட்டார்கள். "ஐ ஆம் கமிங் ஃபிரம் விருத்தாசலம்" என்றேன். "இன்னும் வந்து சேரவில்லையா?" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பேருந்தில் ஊர் திரும்பும் வரை அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. பிழை எங்கே என்று தேடியதில் கண்டவற்றை இங்கு எழுதுகிறேன்.

தமிழில் இப்போது நடந்து வருவதும் 'வருகிறேன்'. நாள்தோறும் கல்லூரிக்கு வருவதும் 'வருகிறேன்'. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. இந்த நொடியில் நடப்பது 'ஐ ஆம் கமிங்'. வழக்கமானதும் நிலையானதும் 'ஐ கம்'. சொந்த ஊர் நிலையானதல்லவா? ஆகவே 'ஐ கம் ஃபிரம் விருத்தாசலம்'. 'எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்' என்பதிலும் இதே கதைதான். அந்த 'கிறார்கள்' நம்மை இழுத்துப் போய், 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று சொல்ல வைக்கிறது. 'ஐ ஹேவ்' போதும். ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் டீ' சரியே. அங்கே தேநீர் குடிக்கும் செயல் நடந்துகொண்டிருக்கிறது!

'அவன்தான் சொன்னான்' என்பதை 'ஹி ஒன்லி டோல்டு மீ' என்கிறோம். ஆங்கிலேயர் 'ஹி' என்ற சொல்லைக் குரலில் அழுத்துவார். நம்முடைய 'தான்' அந்த அழுத்தத்துக்குள் அடங்கிவிடும். 'போய் வருகிறேன்' இன்னும் வேடிக்கை. வெறும் 'போகிறேன்' என்றால் என் பாட்டி அடிக்கவே வருவார். அந்த அச்சம் ஆங்கிலத்துக்கு இல்லை. 'ஐ வில் கோ அண்ட் கம்' என்பதற்கு அங்கே 'சீ யூ' என்றாலே விடைபெற்றதாகிவிடும்.

நம்முடையது எல்லாமே பிழை என்றும் நான் ஒப்பமாட்டேன். பெரியப்பா மகனையும் மாமன் மகனையும் ஒரே 'கசின்' என்ற சொல்லில் அடக்கினால் நமக்கு எப்படிப் போதும்? 'கசின் பிரதர்' பிறந்தது அதனால்தான். நம் நாட்டில் வழங்கும் 'பிரீபோன்' இன்று ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கிலத்தில் ஏறிவிட்டதை 1886-இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் காணலாம்.

அப்பா பீங்கான் பட்டறையில் சூளை வேலை செய்கிறார். வெளிமாநிலத்துக்கு அனுப்பிய ஃபியூஸ் கட்டைகள் சில உடைந்துவிட்டதாகக் கடிதம் வந்ததும், பதில் எழுத முதலாளி என்னை அழைத்தார். பழைய கடிதங்களின் பாணியில் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடித்தேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'பிளீஸ் டெல் அஸ் ஹவ் மெனி ஆர் புரோக்கன். வீ வில் ரீப்ளேஸ் தெம்' என்று எழுதினேன். எத்தனை உடைந்தன என்று சொன்னால் மாற்றித் தருகிறோம் என்பதே அதன் பொருள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"இவ்வளவுதானா?" என்றார் அப்பா.