கிதார் கரையேறிய கதை – 7: பாட்டு இருக்கட்டும், பாடகர் வேண்டாம்

பாகான் டாலாமில் நின்றால் கடல் தெரியும், அலை தெரியாது. எதிர்க்கரையில் ஜார்ஜ் டவுன். நடுவே தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் அடங்கிக் கிடக்கும் நீரிணை. ஃபெரி போனால் கொஞ்சம் அசையும், சரக்குக் கப்பல் போனால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். பலகையோடு அலைமேல் ஏறிச் சறுக்க ஆசைப்படுகிறவர், நாட்டின் மறுபக்கம் பகாங்கிலுள்ள செராத்திங்குக்குப் போக வேண்டும். அதுவும் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில். ஆனாலும் அலைச்சறுக்கு இளைஞர்களுக்காகக் கலிபோர்னியாவில் பிறந்த கிதார் ஓசை, அறுபதுகளிலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டது.

சர்ஃப் இசை என்று அதற்குப் பெயர். பாடகரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அவர் பாட வேண்டியதையெல்லாம் கிதாரிடம் ஒப்படைக்கும் இசை. அதன் அரசராகக் கொண்டாடப்பட்டவர் டிக் டேல். 1937இல் பாஸ்டனில் பிறந்தவர். தந்தை வழியில் லெபனான் குடும்பம். இடதுகைக்காரர் என்பதால் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டாமல் அப்படியே வாசிப்பார். ஒரே கம்பியில் ஒரு பாட்டு முழுவதையும் வாசிக்க முடியுமா என்று யாரோ சவால் விட, மாமா ஊத் வாத்தியத்தில் வாசித்த கிழக்கு மத்தியதரைக்கடல் நாட்டார் மெட்டு அவருக்கு நினைவுக்கு வந்தது. அதை வேகம் கூட்டி 1962இல் பதிவு செய்தார். அதுதான் ‘மிஸர்லூ’. 1994இல் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தின் தொடக்கத்தில் ஒலித்து, இன்னொரு தலைமுறையையும் பிடித்துக்கொண்டது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் பழகியவர்கள் ‘மிஸர்லூ’வைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். அதன் சுரவரிசை மாயாமாளவகௌளையின் சுரங்கள்தான். பாட்டு வகுப்பில் சேர்ந்த முதல் நாள், பிள்ளைகள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு சரளி வரிசை சொல்வார்களே, அதே சுரங்கள். கமகம் இல்லை, ராக இலக்கணம் இல்லை; டிக் டேல் ராகமாகவே வாசித்துவிட்டார் என்று சொன்னால் வித்வான்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் சுரங்கள் அவைதான். கலிபோர்னியக் கடற்கரையின் அடையாளமாகிப்போன மெட்டு நம் காதுக்கு அந்நியமாகப் படாததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அந்த ஈரமான ஓசை. ஃபெண்டர் நிறுவனம் 1961இல் ‘ரிவர்ப்’ என்ற தனிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே பெரிய மாயம் எதுவும் கிடையாது; நீளமான சுருள்வில் கம்பிகள். கிதாரின் மின் அதிர்வு கம்பியின் ஒரு முனையை ஆட்டும். அந்த ஆட்டம் மறுமுனைக்குப் போய்ச் சேர நேரமாகும், போனது பாதி திரும்பி வரும், மறுபடி போகும். இப்படிப் பிந்திப் பிந்தி வருகிற அதிர்வையெல்லாம் வாங்கி மூல ஒலியோடு கலந்தால், கிணற்றுக்குள் சொட்டும் தண்ணீர்போல ஒவ்வொரு சுரமும் தெறிக்கும். பெட்டியை லேசாக உதைத்தால் உள்ளிருக்கும் கம்பிகள் மோதி இடி முழங்கும். சில குழுக்கள் வேண்டுமென்றே உதைத்துப் பதிவு செய்ததும் உண்டு!

மலாயாவுக்கு முதலில் வந்தது சர்ஃப் இசையின் ஒன்றுவிட்ட சகோதரன். ‘அப்பாச்சி’ என்ற வாத்தியப் பாட்டால் 1960இல் பிரிட்டனைக் கலக்கிய ஷாடோஸ் குழு, மறு ஆண்டே பாடகர் கிளிஃப் ரிச்சர்டோடு சிங்கப்பூரில் மேடையேறியது. அதைப் பார்த்தும் கேள்விப்பட்டும் ஊருக்கு ஊர் பையன்கள் கிதாரைத் தூக்கினார்கள். அப்படி உருவான மலாய்க் குழுக்களுக்கு ‘குகிரான்’ என்று பெயர் விழுந்தது. ‘கும்புலான் கித்தார் ரன்சாக்’ என்பதன் சுருக்கம். அவர்கள் வளர்த்த பாணி ‘பாப் யே யே’. சிங்கப்பூரின் குவெஸ்ட்ஸ் குழு ‘ஷான்டி’ என்ற வாத்தியப் பாட்டால் 1964இல் உள்ளூர்த் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அக்குழுவின் முன்னணிக் கிதார் கலைஞராகப் பேரெடுத்த ரெஜி வர்கீஸ் இந்திய வம்சாவளிக்காரர்.

பினாங்கின் பிள்ளை பி. ராம்லியும் இந்த அலைக்குக் காது கொடுத்தவரே. 1929இல் ஜார்ஜ் டவுனில் பிறந்த அந்தத் திரையிசை மேதை, 1964இல் வெளிவந்த ‘தீகா அப்துல்’ படத்தில் ‘பூஞி கித்தார்’ பாட்டை ட்விஸ்ட் தாளத்தில் அமைத்தார். கிதாரைக் கொண்டாடிப் பாடியவரின் மெல்லிசையையே அடுத்த சில ஆண்டுகளில் கிதார் குழுக்கள் ஓரங்கட்டின. அவர் 1973இல் மறைந்தபோது ரசிகர் கூட்டம் பெரும்பாலும் கைநழுவியிருந்தது. மலேசிய இசை வரலாற்றில் இதைவிடக் கசப்பான திருப்பம் குறைவு.

பாகான் டாலாம் அடங்கிய பட்டர்வொர்த்துக்குள் இந்த இசை நுழைய இன்னொரு வாசலும் உண்டு. 1958 முதல் 1988 வரை இங்குள்ள விமானத் தளம் ஆஸ்திரேலிய விமானப்படையின் கையில் இருந்தது. தளத்துக்கென்று தனி வானொலியும் நடந்தது. அந்த ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவுக்கும் சொந்தமாக சர்ஃப் இசை இருந்தது. அட்லாண்டிக்ஸ் குழுவின் ‘பொம்போரா’ 1963இல் வெளியானது.

இனி நேர்மாறான பயணம்: இந்தப் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு. சர்ஃப் காலம் முடிந்து இருபது ஆண்டுகள் கழித்து, டிக் டேல் பிறந்த அதே பாஸ்டனில் பிக்ஸீஸ் குழு தோன்றியது. ஆல்டர்நேட்டிவ் ராக்கின் மூலவர்களில் ஒன்று. முன்னணிக் கிதார் வாசிக்கும் ஜோயி சான்டியாகோ மணிலாவில் பிறந்தவர். 1988இல் வந்த அவர்களின் முதல் முழு ஆல்பத்தின் பெயரே ‘சர்ஃபர் ரோஸா’. 1990இல் வந்த ‘போஸனோவா’வோ, சர்ஃப்டோன்ஸ் என்ற பழைய குழுவின் ‘சிசிலியா ஆன்’ வாத்தியப் பாட்டோடு தொடங்கும். தங்கள் பாட்டையே தாங்கள் மாற்றி வாசித்ததும் உண்டு: ‘வேவ் ஆஃப் மியூட்டிலேஷன்’ பாட்டை 1989இல் ‘யூ.கே. சர்ஃப்’ என்ற பெயரில் வேகம் குறைத்து, கரகரப்பை நீக்கி வெளியிட்டார்கள். மூலத்தைவிட அதுவே மேல் என்று அடித்துப் பேசும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்சியில் நியாயம் இருக்கிறது.

‘சர்ஃபர் ரோஸா’வில் உள்ள ‘வேர் இஸ் மை மைண்ட்’ சர்ஃப் பாணிக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். கரீபியக் கடலுக்குள் நீந்தும்போது ஒரு குட்டி மீன் தன்னை விரட்டிய அனுபவத்தில் பிக்ஸீஸ் பாடகர் பிளாக் ஃபிரான்சிஸ் எழுதியது. பின்னணியில் அதே குழுவின் கிம் டீலின் குரல் சொல்லே இல்லாமல் நீளும். கிதாரோ சில சுரங்களையே திரும்பத் திரும்பச் சொல்லும். இதை சர்ஃப் பாட்டாக மாற்ற, பாடகர் வரியை முன்னணிக் கிதாருக்குக் கொடுத்து, ஒரே சுரத்தை மேலும் கீழுமாக விரைந்து மீட்டி, டும்-டக்டக் என்று டிரம்மை ஓடவிட்டு, ரிவர்பைத் திருகினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் கடினம். சொல் போனபின் மெட்டு தனியாக நிற்க வேண்டும். வரியின் கோபத்தில் மட்டும் வாழும் பாட்டுகள் இந்தச் சோதனையில் படுத்துவிடும். தொண்ணூறுகளின் ராக் பாட்டுகளில் பாதி தேறாது. மெல்லிசை மன்னர்கள் இசையமைத்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடும்.

பினாங்கின் அந்தக் கால இசை மேடைகளைப் பற்றி பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் 2015இல் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு கொம்தார் கட்டடத்தில் பினாங்கு இசை இல்லமும் திறக்கப்பட்டது. ஆனாலும் வீடுகளில் முடங்கிக் கிடப்பது ஏராளம். பாகான் டாலாம், பட்டர்வொர்த், பிறை பக்கத்து வாசகர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ சித்தப்பாவோ அறுபதுகளில், எழுபதுகளில் கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ கிதார் வாசித்தவரா? மேடைப் படம், நிகழ்ச்சித் தாள், பழைய இசைத்தட்டு எது இருந்தாலும் பிரதி எடுத்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம், பினாங்கிலிருந்து புறப்பட்டு மலாய்ப் பாட்டில் கொடிகட்டிப் பறந்த ஆலிகேட்ஸ் குழுவின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள்.

(தொடரும்)