கோபுரத்து இடியும் கூடத்துப் பெட்டியும்

2013ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் தம் பொறுப்பினின்று விலகப் போவதாக அறிவித்து உலகையே வியப்பில் ஆழ்த்தினார். அன்று மாலையே உரோமை நகரில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தின்மீது மின்னல் பாய்ந்தது. அக்காட்சியைப் படம் பிடித்தவர்கள் உண்டு. அப்படம் நாடெங்கும் பரவியது. வானம் எதையோ சொல்கிறது என்று பலரும் பேசிக்கொண்டனர். ஆனால் குவிமாடத்திற்கு யாதொரு ஊறும் நேரவில்லை என்பதைப் பற்றி மிகச் சிலரே பேசினர். அதன் உச்சியில் இடிதாங்கி இருக்கிறது. வந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அடுத்த ஆண்டு சனவரியில் பிரேசில் நாட்டின் ரியோ நகரில், குன்றின்மேல் கைவிரித்து நிற்கும் மீட்பராம் கிறிஸ்துவின் பெரிய சிலையின் கட்டைவிரல் நுனி மின்னலால் சிதைந்தது. அச்சிலைக்கும் இடிதாங்கி உண்டு. எனினும் அது விரல் நுனிவரை காக்கும்படி அமைந்திருக்கவில்லை.

நம் மொழியில் "மின்னல் விழுந்தது" என்று பெரும்பாலும் சொல்வதில்லை. "இடி விழுந்தது" என்றே சொல்கிறோம். உண்மையில் விழுவது மின்னல். இடி அதன் ஓசை மட்டுமே. மின்னல் பாயும் வழியில் காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியசுக்குச் சூடேறுகிறது. கதிரவனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு வெப்பம் அது. அந்தச் சூட்டில் காற்று வெடித்து விரிவதையே நாம் இடியாகக் கேட்கிறோம். ஒரு சராசரி மின்னலில் ஓடும் மின்னோட்டம் 30,000 ஆம்பியர் என்பர். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஓரிரு ஆம்பியர்தான் இழுக்கிறது. ஆயினும் மின்னல் நிலைப்பது ஒரு நொடியின் மிகச் சிறு கூறு அளவே. இந்தக் குறுகிய நேரமே அதனைத் தடுத்தற்கரியதாக்குகிறது.

ஆலயங்களுக்கும் மின்னலுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. ஊரிலேயே உயர்ந்த கட்டடம் கோபுரம். அதன் உச்சியில் இருப்பதோ உலோகச் சிலுவை. ஐரோப்பாவில் இடி முழங்கும்போது கோயில் மணியை அடித்தால் புயல் விலகும் என்னும் நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. இடியை முறிப்பேன் என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் பொறிக்கப்பட்ட மணிகள் பல இன்றும் உள்ளன. பக்தி நல்லதே, ஆனால் மழையில் நனைந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஊரின் மிக உயரமான கட்டடத்தின் கீழ் நிற்பவன் கதி என்னாகும்? 1784இல் முனிச் நகரில் வெளியான ஒரு நூல் கணக்கிட்டுச் சொன்னது: 33 ஆண்டுகளில் 386 ஆலயக் கோபுரங்கள் தாக்குண்டன, மணியடித்துக் கொண்டிருந்த 103 பேர் மாண்டனர்.

இதற்கு மாற்று, அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளினின் இடிதாங்கி என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவரை அறிந்த அளவுக்கு நாம் அறியாதவர் புரோக்கோப் திவிஷ் அடிகளார். 1698இல் பிறந்த இவர், புனித நார்பெர்ட் நிறுவிய சபையைச் சார்ந்த குரு. இன்றைய செக் நாட்டில் பிரிமேதித்சே என்னும் சிற்றூரின் பங்குத் தந்தை. 1754ஆம் ஆண்டு தம் இல்லத் தோட்டத்தில் உயர்ந்த கம்பம் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் கூரிய உலோக முனைகள் பலவற்றைப் பொருத்தி, சங்கிலிகளால் அதனைத் தரையோடு இணைத்தார். சில ஆண்டுகளில் மழை பொய்த்தபோது, அந்தக் கருவியே மேகங்களை விரட்டிவிட்டது என்று சினந்த ஊரார் அதனைப் பிடுங்கி எறிந்தனர். பங்கு மக்களின் கோபத்துக்கு ஆளாவது பங்குத் தந்தையருக்குப் புதிதன்று போலும்! இத்தாலியில் பதுவா நகரப் பேராசிரியராயிருந்த ஜுசெப்பே தொவால்தோ என்னும் குரு இன்னும் நற்பேறு பெற்றவர். பொதுக் கட்டடங்களுக்கு இடிதாங்கி வேண்டும் என அவர் எழுதியும் பேசியும் வந்தார். வெனிசு நகரில் மின்னலால் பன்முறை சிதைந்த புனித மாற்கு ஆலயக் கோபுரத்துக்கு 1776இல் இடிதாங்கி வைக்கப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். "எங்கள் கோபுரத்தில் இடிதாங்கி இருக்கிறது. அப்படியிருந்தும் ஆம்ப்ளிபையர் புகைந்துவிட்டது. பக்கத்து வீடுகளில் தொலைக்காட்சிகளும் போய்விட்டன. இடிதாங்கியால் என்ன பயன்?" என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானது. இடிதாங்கி கட்டடத்தைக் காப்பதற்கென ஏற்பட்டது. கல் சிதறாது, கூரை தீப்பற்றாது. உள்ளிருக்கும் மின்கருவிகளைக் காப்பது அதன் பணியன்று. ஒரு சிறு கணக்குப் பாருங்கள். இடிதாங்கியின் எர்த் குழியிலுள்ள தடை 10 ஓம் என்று கொள்வோம். அதில் 30,000 ஆம்பியர் இறங்கும்போது அவ்விடத்து மண்ணின் மின்னழுத்தம் 3,00,000 வோல்ட் அளவுக்கு உயர்கிறது. சற்றுத் தள்ளி வேறொரு எர்த்துடன் இணைந்திருக்கும் கருவிக்கு இந்த வேறுபாடு எமனாகிறது. ஆகவேதான் இடிதாங்கிக்கு ஓர் எர்த், மின் இணைப்புக்கு இன்னொன்று, ஒலிபெருக்கிக்கு மற்றொன்று எனத் தனித்தனியே விட்டுவிடாமல், மண்ணுக்குள் அவை அனைத்தையும் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும் என்று பொறியாளர் வற்புறுத்துகின்றனர்.

நம் ஆலயங்களில் இன்னுமொரு வழக்கம் உண்டு. அதிகாலை மரியன்னைப் பாடல் ஊரெங்கும் கேட்க வேண்டுமெனக் கோபுர உச்சியில் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டுகிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மின்விளக்கு விண்மீன் ஏற்றுகிறோம். பிறகு அதனை இறக்க மறந்து விடுகிறோம். அவற்றின் கம்பிகள் நேரே சக்கிறீஸ்து அறைக்கு இறங்குகின்றன. செப்புப் பட்டையின் வழி இறங்க வேண்டிய மின்னலுக்கு இவை பக்கவழிகள். அந்தப் பட்டையோ சில இடங்களில் அரித்துப்போயோ, யாரோ அறுத்துச் சென்றோ பாதியில் நின்றுவிடுகிறது. பட்டை அறுந்த இடிதாங்கி, இடிதாங்கி இல்லாமையைக் காட்டிலும் கேடானது என்பேன். மின்னலை ஏற்றுக்கொண்டு, இறக்க வழியின்றி அது கட்டடத்துக்குள்ளேயே விடுகிறது.

வீடுகளில் நேரடியாக மின்னல் விழுவது அரிது. தொலைவிலுள்ள மின்கம்பத்திலோ தென்னையிலோ விழுந்தாலும், அருகில் ஓடும் நீண்ட கம்பிகளில் பல்லாயிரம் வோல்ட் ஒரு கணம் எழும்பி ஓடிவரும். மின்கம்பி, கேபிள், டிஷ், இணையக் கம்பி ஆகிய எதன் வழியாகவும் அது உள்ளே நுழையலாம். பலர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபிளை அப்படியே விட்டுவிடுகின்றனர். வாசற்கதவைத் தாழிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போன்றதே அது. பழைய வால்வு வானொலிகள் இத்தகைய அதிர்ச்சியை ஓரளவு தாங்கின. இன்றைய கருவிகளின் உள்ளே இருக்கும் சில்லுகள் ஐந்து வோல்ட்டிலும் அதற்குக் குறைவாகவும் இயங்குபவை, அவை தாங்கா.

பியூஸ் காக்காதா என்று கேட்கலாம். காக்காது. மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சிச் சற்று நேரம் ஓடினால்தான் பியூஸ் உருகும். அதற்குள் மின்னல் தன் வேலையை முடித்துச் சென்றிருக்கும். இதற்கென்றே 'சர்ஜ் அரெஸ்டர்' என்னும் கருவி விற்கிறது. ஏரிக்குக் கலிங்கு எப்படியோ, அப்படியே மின்சுற்றுக்கு இது. வழக்கமான அளவில் வாய் மூடியிருக்கும். மின்னழுத்தம் மீறினால் உடனே திறந்து மிகையானதை எர்த்தில் தள்ளிவிடும். ஆனால் கலிங்கிலிருந்து வெளியேறும் நீருக்கு வாய்க்கால் வேண்டுமல்லவா? நல்ல எர்த் இல்லாத வீட்டில் இக்கருவியை மாட்டுவது பெரும்பாலும் வீண்செலவே. கோடையில் எர்த் குழி காய்ந்து போகும். அவ்வப்போது நீர் ஊற்றுவதைப் பெரியவர்கள் வழக்கமாகக் கொண்டிருந்தனர். இக்கருவியும் பல தாக்குதல்களுக்குப் பின் தேய்ந்துவிடும். பல வகைகளில் சிறு சாளரம் ஒன்று பச்சையாயிருந்து சிவப்பாக மாறி அதனைத் தெரிவிக்கும்.

இடி விழுந்து போனவை என்று நாம் கருதும் பொருள்களில் பல, உண்மையில் நியூட்ரல் கம்பி அறுந்ததால் போனவை. இதனைச் சற்று விளக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் தெருவுக்கு வருகின்றன. பேஸ் ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு பேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். காற்றில் கிளை முறிந்து விழுந்தோ, இணைப்பு அரித்துப்போயோ நியூட்ரல் அறுபடுமானால், வெவ்வேறு பேஸ்களிலுள்ள வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தாற்போலாகும். மிகுதியாக மின்சாரம் இழுக்கும் வீட்டில் விளக்கு மங்கும்; குறைவாக இழுக்கும் வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் போய்ச் சேரும். சிக்கனமாயிருந்த குடும்பமே இங்குப் பெரிதும் இழக்கிறது! விளக்குகள் திடீரெனக் கண் கூசும்படி எரிந்தாலோ, அண்டை வீட்டில் மங்கி உங்கள் வீட்டில் பளிச்சிட்டாலோ, காரணம் ஆராய வேண்டாம். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். சர்ஜ் அரெஸ்டர் கணநேரத் தாக்குதலுக்கானது. நீடித்து நிற்கும் இந்த மிகையழுத்தத்தில் அதுவே எரிந்து போகக்கூடும். அழுத்தம் கூடினால் இணைப்பைத் துண்டிக்கும் வசதியுள்ள கருவியே இதற்கு உதவும்.

பொருள் போனால் வாங்கலாம். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில், ஆலயத் திருவிழாவின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நான்கு பேர் உயிரிழந்தனர். கொடிமரம், சப்பரம், அலங்கார வளைவு, ஏணி என உயரமான உலோகப் பொருள்களையெல்லாம் நாம் திருவிழாக் காலத்தில்தான் தெருவுக்குக் கொண்டுவருகிறோம். வாடகை ஜெனரேட்டரில் எர்த் இணைக்காமல் ஒலிவாங்கியைக் கையில் பிடிப்பதும் அத்தகையதே. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புக் கருவியை ஆலயத்தின் மெயின் பலகையில் பொருத்துவதற்கு, ஒரு நாள் வாணவேடிக்கைக்கு ஆகும் செலவுகூட ஆகாது. பங்குப் பேரவையில் இதனை யாரேனும் எடுத்துச் சொல்லலாமே.

இடி மின்னல் நேரத்தில் செய்ய வேண்டியவை சிலவே. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் ஓசை பயணிக்கிறது. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆபத்து அருகில் உள்ளது. பிளக்குகளையும் கேபிளையும் பிடுங்குவதானால் அதற்கு முன்பே பிடுங்க வேண்டும். தலைக்கு மேல் இடிக்கும்போது கம்பியைத் தொடலாகாது. கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழிந்தே வெளியே செல்லலாம். வயலில் இருப்பவர் மரத்தடியில், அதிலும் தனிப்பனையின் அடியில் ஒதுங்கலாகாது. மின்னல் தாக்கி வீழ்ந்தவர் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. தொட அஞ்சிப் பலர் விலகி நிற்பதாலேயே பிழைக்கக்கூடியவரும் இறக்கின்றனர். மூச்சு நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தியும் வாயோடு வாய் வைத்து ஊதியும் உயிர்ப்பிக்க முயல வேண்டும்; 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அதனை நிறுத்தலாகாது. அறுந்து கிடக்கும் மின்கம்பியால் தாக்குண்டவர் செய்தி வேறு. மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை அவரைத் தொடக் கூடாது.