மூன்றரை மணிக்கே இருட்டும் ஊர்!

ஸ்வீடனின் தெற்கே இருக்கிறது லுண்ட். 1666-ல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம்தான் இந்தச் சிறிய ஊரின் அடையாளம். ஆகஸ்ட் கடைசியில் வந்து இறங்கும் வெளிநாட்டு மாணவருக்கு எல்லாமே கொண்டாட்டம்தான். இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் மால்மோ. 2000-ல் திறக்கப்பட்ட ஓரேசுண்ட் பாலத்தைக் கடந்தால் டென்மார்க். ஒரு மணி நேரத்தில் கோபன்ஹேகனின் சைக்கிள் கூட்டத்துக்கு நடுவே நிற்கலாம்!

சோதனை டிசம்பரில் வரும். மாலை மூன்றரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இருட்டைவிட அதிகம் வாட்டுவது மௌனம். பஸ்ஸில் பக்கத்து ஸீட் காலியாக இருந்தாலும் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். விடுதியில் பக்கத்து அறைக்காரர் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுவார். ‘நம்மைப் பிடிக்கவில்லையோ?’ என்று மனம் சுருங்கும். உண்மையில், அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை.

அந்த மௌனத்தைக் கலைப்பது ‘ஃபீகா’. காபி, பட்டை மணக்கும் பன், கூடவே அரட்டை. அலுவலகமோ ஆய்வகமோ, இதற்காக வேலையை நிறுத்திவிட்டு உட்காருவார்கள். யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல், ‘ஃபீகாவுக்குப் போகலாமா?’ என்று நாமே முதலில் கேட்டுவிடுவது நல்லது. ‘நேஷன்’ எனப்படும் மாணவர் சங்கங்களில் சேர்ந்து, சமையலறையில் கைகொடுத்தாலும் நட்பு தானாக ஒட்டிக்கொள்ளும்.

போனில் பிள்ளையின் குரல் சோர்ந்து ஒலித்தால், ‘படிப்பு எப்படிப் போகுது?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘இன்னிக்கு யாரோட காபி குடிச்சே?’ என்றும் கேளுங்கள்.