நரிக்குட்டியை லயத்துக்குத் தூக்கிவர வேண்டாம்



கவாத்து வெட்டும்போதும் கான் துப்புரவு செய்யும்போதும் சில நேரம் நரிக்குட்டி கண்ணில் படுவதுண்டு. "ஐயோ பாவம், தாயைக் காணோமே" என்று தூக்கிவந்து பால் கொடுத்து வளர்ப்போம், பெரிசானதும் காட்டிலே விட்டுவிடுவோம் என்று சிலர் நினைக்கிறார்கள். இரக்கம் நல்லதுதான். ஆனால் மனிதர் கையில் வளர்ந்த நரி மறுபடி காட்டில் பிழைக்குமா? இதைப் பற்றியே இம்முறை விளக்க விரும்புகிறோம்.

பயம்தான் அதன் காவல்

இங்கிலாந்தில் இதை நன்றாகக் கண்டிருக்கிறார்கள். அங்கே செந்நரிகள் ஊருக்குள்ளேயே, வீட்டுத் தோட்டங்களில் குட்டி போடும். மார்ச் மாதத்தையொட்டிப் பிறக்கும் குட்டிகள் கரும் கபில நிறமாக இருக்கும். பார்த்தவர்கள் நாய்க்குட்டி என்றோ பூனைக்குட்டி என்றோ நினைத்து எடுத்துப் போவார்கள். அப்படி வந்த குட்டிகளைப் பராமரிக்கவே அங்கு நிலையங்கள் இருக்கின்றன.

அந்த நிலையங்களில் குட்டியை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சுவதில்லை. தனியாக வந்த குட்டியை மற்றக் குட்டிகளோடு சேர்த்துவிடுவார்கள். வளர வளர மனிதர் அதன் கண்ணில் படுவதைக் குறைப்பார்கள். பிறகு, விடப்போகிற இடத்திலேயே கூடு அமைத்துச் சில வாரம் வைத்திருந்து, கதவைத் திறந்துவிடுவார்கள். அதன் பின்னும் கொஞ்ச நாளைக்கு அங்கே தீனி வைப்பார்கள்.

வீட்டில் செல்லமாக வளர்த்துவிட்டுப் பல மாதம் கழித்துக் கொண்டுவருகிற குட்டிக்கோ இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். அது ஆளைக் கண்டால் ஓடாது, வாலை ஆட்டிக்கொண்டு கிட்ட வரும். நாயைக் கண்டாலும் விளையாடப் போகும். காட்டில் விட்டால் பசி வந்ததும் ஏதாவது வீட்டு வாசலைத் தேடி வரும். வருகிற நரி சாதுவானது என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியுமா? விசர் பிடித்த நரி என்று நினைத்துக் கம்பை எடுப்பார். அதனால் இப்படிப்பட்ட நரிகளைச் சாகும்வரை கூட்டிலேயே வைத்திருக்க வேண்டியதாகிறது.

நாயும் காட்டில் இருந்து வந்ததுதானே?

இப்படிக் கேட்பவர்களும் உண்டு. ரஷ்யாவில் பெல்யாயேவ் என்ற விஞ்ஞானி 1959ஆம் ஆண்டு, ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்த்த நரிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மிகச் சாதுவானவற்றை மட்டும் பொறுக்கி இனம் பெருக்கினார். சில தலைமுறைகளில் நாய்போல் வாலாட்டும் நரிகள் பிறந்தன. 1985இல் அவர் காலமான பின்னும் அந்த வேலை தொடர்ந்தது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வந்த மாற்றம் அது. ஒரு குட்டியைப் பிடித்து வளர்ப்பதால் அது நாயாகிவிடாது. பருவம் வந்ததும் கடிக்கும், கோழி பிடிக்கும், கயிற்றை அறுக்கும். காட்டுக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது.

நம் நாட்டு உதாரணம்

உடவளவையில் தாயை இழந்த யானைக்குட்டிகளுக்காக வனஜீவராசிகள் திணைக்களம் 1995இல் ஒரு நிலையம் ஆரம்பித்தது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அங்கே பால் கொடுக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் தூரத்தில் நின்றுதான் பார்க்கலாம், தொட முடியாது. அப்படி வளர்ந்த யானைகளைக் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். 1975இல் தொடங்கிய பின்னவலையிலோ யானைகள் மனிதரோடு பழகி அங்கேயே வாழ்கின்றன. தொடாமல் வளர்ப்பதற்கும் தொட்டு வளர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

குட்டியைக் கண்டால் என்ன செய்வது?

நம் மலைகளில் இருப்பது செந்நரி அல்ல, வேறு இனம். ஆனாலும் குட்டியைக் கண்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

1. தொடாதீர்கள். குட்டி தனியாக இருந்தால் தாய் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தாய் இரை தேடப் போயிருக்கும். சில நேரம் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு பொந்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும். ஆள் நடமாட்டம் நின்றால்தான் திரும்பி வரும்.

2. அந்த இடத்தில் அன்றைக்கு வேலையை நிறுத்தும்படி கங்காணியிடம் சொல்லுங்கள். நாய்களைக் கட்டி வையுங்கள்.

3. பிள்ளைகள் தெரியாமல் தூக்கி வந்துவிட்டால் அடிக்காதீர்கள். பெரியவர் ஒருவர் தடித்த சாக்கால் பிடித்து அன்றைக்கே எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கட்டும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல.

4. காயம் பட்டிருந்தாலோ, மறுநாளும் அதே இடத்தில் கத்திக்கொண்டு கிடந்தாலோ, தோட்ட அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்குத் தகவல் போகும்.

5. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம். விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. நேரத்தோடு ஊசி போட்டால் தடுக்கலாம்.

6. சிறுத்தைக் குட்டியைக் கண்டால் ஒரு நொடியும் நிற்காமல் எல்லோரும் மெதுவாக அந்த மலையை விட்டு விலகுங்கள். தாய் பக்கத்திலேயே இருக்கும்.

இரவு லயத்தில் படுத்திருக்கும்போது மேல்மலையில் நரி ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அது அங்கேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள்.