கொல்லைக் கதவு திறக்கும் நேரம்

வெறும் வயிற்றில் இருக்கும்போது, உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்திலும் கரைந்திருக்கும் சர்க்கரை நான்கைந்து கிராம்தான். காபிக்குப் போடும் ஒரு டீஸ்பூன். ஆனால் 100 கிராம் அரிசியை வடித்துச் சாப்பிட்டால் மாவுச்சத்து மட்டுமே 78 கிராம் அளவுக்கு உள்ளே போகிறது. அது குளுக்கோஸாகப் பிரிந்து சில மணி நேரத்தில் ரத்தத்துக்கு வந்து சேரும். ஒரு ஸ்பூன் இருந்த இடத்துக்குப் பதினைந்து ஸ்பூன்! அப்படியும் நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி, இறங்கிவிடுகிறது. இத்தனையும் எங்கே போகிறது? சாப்பிட்டபின் நடந்தால் ஏன் இன்னும் சீக்கிரம் போகிறது?

பத்துப் பேருக்குச் சமைக்கும் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மளிகை வண்டி வந்து மூட்டைகளை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது. மூட்டைதான் குளுக்கோஸ், வாசல்தான் ரத்தம். சரக்கு போய்ச் சேரவேண்டிய சமையற்கட்டு நம் தசைகள். முன்கதவு பூட்டியிருக்கிறது, சாவி இன்சுலின். சாப்பிட்டதும் கணையம் சாவியை அனுப்ப, கதவு திறந்து மூட்டைகள் உள்ளே போகின்றன. அப்போது எரிக்க வேண்டியதை எரித்து, மீதியைக் குதிரில் கொட்டி வைப்பார்கள். அந்தக் குதிருக்குக் கிளைகோஜன் என்று பெயர். தசைகளில் சுமார் 400 கிராம் பிடிக்கும், கல்லீரலில் 100 கிராம். இரண்டும் நிரம்பிவிட்டால் மிச்சம் கொழுப்பாக மாறிப் பரணுக்குப் போகிறது. பரண் எங்கே என்று சொல்லவேண்டியதில்லை, பெல்ட்டைக் கேட்டால் தெரியும்.

ஓரிடத்தில் மட்டும் இந்த உவமை உதைக்கும். செல்லின் சுவரில் கதவு எப்போதும் நின்றுகொண்டிருப்பதில்லை. குளூட்-4 என்ற புரதம்தான் கதவு. அது செல்லுக்குள்ளே குட்டிக் குட்டிப் பைகளில் கிடக்கிறது. இன்சுலின் வந்து தட்டினால் எழுந்து சுவருக்கு வந்து பொருந்தி, சர்க்கரைக்கு வழிவிடும். தட்டல் நின்றால் மறுபடி உள்ளே போய்விடும்.

இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் கெடுவது இந்தத் தட்டலுக்குக் கிடைக்கும் பதில்தான். பூட்டு துருப்பிடித்துவிடுகிறது. ஒரு சாவிக்குத் திறந்த கதவு மூன்று சாவிக்கும் அசைவதில்லை. கணையமும் சளைக்காமல் சாவி அடித்துத் தள்ளி, சில வருடங்களில் ஓய்ந்துபோகிறது. சரக்கு வாசலிலேயே தேங்க, கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று வரிசையாக அடிவாங்குகின்றன.

அந்த வீட்டுக்குக் கொல்லைப்பக்கம் இன்னொரு கதவு உண்டு. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அரிசி தீர்ந்தால் சமையல்காரர் சாவிக்காகக் காத்திருப்பாரா? தாழ்ப்பாளை உள்ளிருந்து அவரே நீக்கிச் சரக்கை எடுத்துக்கொள்வார். தசை சுருங்கும்போது நடப்பதும் அதுவே. ஒவ்வொரு சுருக்கத்திலும் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, ஏ.டி.பி. என்ற எரிபொருள் செலவாகிறது. எரிபொருள் குறைவதைக் கண்காணிக்கும் ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இந்தச் சமிக்ஞைகளும் அதே குளூட்-4 பைகளைத்தான் சுவருக்குத் தள்ளுகின்றன, ஆனால் இன்சுலினின் துணை இல்லாமல். முன்கதவு துருவேறிய வீட்டிலும் கொல்லைக் கதவு ஒழுங்காகத் திறக்கிறது. நீரிழிவுக்காரருக்கு நடையை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரலாம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். தொடை, பிட்டம், கெண்டைக்கால் என்று உடம்பின் பெரிய அடுப்புகள் எல்லாமே நடையில் ஒன்றாக எரிகின்றன.

நடந்து முடித்ததும் கொல்லைக் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். ஆனால் குதிரில் இடம் விழுந்திருக்கிறது. முன்கதவுப் பூட்டுக்கும் எண்ணெய் விட்டாயிற்று. நன்றாக நடந்தால் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை இன்சுலின் பழையதைவிடச் சுலபமாக வேலை செய்யும். அதன்பின் எண்ணெய் காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரையில் மூச்சிரைக்க நடந்துவிட்டு மற்ற ஆறு நாளும் நாற்காலியில் கழிப்பவருக்குப் பலன் தங்காததற்குக் காரணம் இது.

நேரமும் முக்கியம். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 41 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. நாளுக்கு ஒருமுறை, விருப்பப்பட்ட நேரத்தில் 30 நிமிடம் நடப்பது ஒரு முறை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம் நடப்பது இன்னொன்று. மொத்த நடை ஒன்றேதான். ஆனால் சாப்பிட்டபின் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவு உணவுக்குப் பின் 22 சதவீதம். மூட்டைகள் வாசலில் குவிகிற நேரத்தில் கொல்லைக் கதவைத் திறந்ததன் பலன்.

விடியற்காலைப் பூங்கா நடையை நான் குறை சொல்லவில்லை. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவை மாற்றி, தினம் அரைமணி நேரமாவது வேகமாக நடக்கச் சொல்லி ஊக்குவித்தவர்களில் 39 சதவீதம். அங்கே நடை எந்த வேளை என்று கட்டுப்பாடு இல்லை. ஆனால் நம் வீடுகளில் கனமான சாப்பாடு ராத்திரி ஒன்பதரைக்கு. அடுத்தது சீரியல், அதற்கடுத்தது படுக்கை. வண்டி வரும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறோம்.

சர்க்கரை உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் சாப்பிட ஆரம்பித்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில். கை கழுவிக் கால்மணி நேரத்துக்குள் கிளம்பினால் சரியாக இருக்கும். மொட்டை மாடி போதும். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் வேகம். இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இரண்டு கதவும் ஒருசேரத் திறந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். மருத்துவரிடம் முன்பே பேசிவிட்டு, சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மாத்திரையோ மிட்டாயோ போட்டுக்கொள்ளட்டும். பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் மாடியிலும் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது.

நம்பிக்கை வராதவர்கள் வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். ஒரே சாப்பாடு, ஒரே அளவு, அடுத்தடுத்த இரண்டு இரவு. முதல் இரவு சோபா, மறு இரவு மாடி. சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் விரலில் குத்தி எண்ணை எழுதி வையுங்கள்.